தன்வினையும் பிறவினையும்

போன ஆண்டு ஆடி மாதம் தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் தெருவில் ஒரு சாவு. இறந்தவர் எனக்கு அண்ணன் முறை. கழிவுநீர் லாரியோடு வேலைக்குப் போகிறவர். ஒரு கட்டடத்தின் செப்டிக் டேங்கில் இறங்கியவர் உயிரோடு ஏறவில்லை. எந்தக் கட்டடம், யாருடைய லாரி என்பதை இங்கே எழுதப்போவதில்லை. வழக்கு நடக்கிறது, வீட்டிலும் வேண்டாம் என்கிறார்கள்.

ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தெருமுனையில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். அங்கே அரை மணி நேரத்துக்குள் இரண்டு பேர் சொன்னதைக் கேட்டேன். ஒருவர் என் பெரியம்மா: "அவன் தலையில அப்படி எழுதியிருக்கு, யாரு என்ன பண்ண முடியும்." இன்னொருவர் அண்ணனை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போன மேஸ்திரி: "யாரும் புடிச்சித் தள்ளல தம்பி. வேணாம்னுதான் சொன்னேன். அவனாத்தான் எறங்குனான்."

அன்றைக்கு இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். சாவு வீட்டில் வாதம் செய்ய முடியாது. பிறகுதான் உறைத்தது. இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்கவே முடியாது. தலையில் எழுதியிருந்தால் அவர் விருப்பத்துக்கு அங்கே இடமே இல்லை. அவராகவே விரும்பி இறங்கியிருந்தால் தலையெழுத்துக்கு வேலை இல்லை. ஆனால் பந்தலில் இருந்த யாருக்கும் அந்த முரண் தட்டவில்லை, ஏனென்றால் இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்று. இந்தச் சாவுக்கு வேறு யாரும் பொறுப்பில்லை.

மனிதனுக்குச் சுயவிருப்பம் உண்டா, எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டதா என்பது தத்துவ வகுப்புக் கேள்வி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் இந்தக் கேள்விக்கு என்றைக்கோ தீர்ப்பு எழுதி, சாதிவாரியாகப் பங்கு பிரித்தும் கொடுத்துவிட்டார்கள். எங்கள் அண்ணன் அந்தச் சாதியில் பிறந்தது விதி. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது விதி. லாரி வேலை தவிர வேறு வேலைக்கு யாரும் கூப்பிடாதது விதி. நாற்பது ஆண்டு விதியாகவே ஓடிவிட்டு, டேங்க் மூடியைத் திறந்த அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் அவருக்கு முழுச் சுதந்திரம் வந்துவிடுகிறது. "அவனாத்தான் எறங்குனான்."

கட்டடத்தின் சொந்தக்காரர் பக்கம் இந்தக் கணக்கு தலைகீழ். அவர் வீடு கட்டியது உழைப்பு. பிள்ளைகள் படித்தது முயற்சி. அவர் வாழ்க்கை முழுவதும் அவருடைய சொந்த விருப்பத்தால் ஆனது. அவர் வீட்டு டேங்கில் ஒருவர் செத்தது மட்டும் துரதிருஷ்டம். நல்லதெல்லாம் விருப்பம், கெட்டது விதி. எங்கள் பக்கம் கெட்டதும் விதி, கெட்டதிலேயே கெட்டதற்கு மட்டும் விருப்பம்.

அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கமெல்லாம் பாதாளச் சாக்கடை இன்னும் எல்லாத் தெருவுக்கும் வரவில்லை. லாரி வந்துதான் உறிஞ்ச வேண்டும். லாரிக் குழாய் மேலே இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். அடியில் வண்டல் தங்கிவிடும். "முழுசா எடுத்துடுங்க, அடிக்கடி கூப்பிட முடியாது" என்று வீட்டுக்காரர் சொல்வார். வண்டலைக் கிளறி விட ஆள் வேண்டும். கிளறியதும் அதற்குள் அடைபட்டிருந்த வாயு வெளியே வரும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே நிற்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் மோப்ப நரம்பு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்றே இறங்கியவர் நினைப்பார். இன்னும் கூடினால் ஓரிரு மூச்சிலேயே மயக்கம். எச்சரிக்கும் புலனையே முதலில் கொன்றுவிடுகிற வாயு அது. அந்த இடத்தில் நின்றுகொண்டு ஒருவர் 'தெரிந்தே முடிவெடுத்தார்' என்று பேசுவதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

சட்டம் இந்த விஷயத்தில் நம் தத்துவவாதிகளைவிடத் தெளிவாக இருக்கிறது. கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்துவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, அபாயகரமான முறையில் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ சுத்தம் செய்ய யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. இறங்கியவர் சம்மதித்தாரா என்ற கேள்வியே அந்தப் பிரிவில் இல்லை. இறக்கியவர் யார் என்பதுதான் கேள்வி. முதல் தடவைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு, 5 லட்சம் வரை. 2015 திருத்தத்துக்குப் பிறகு, பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ள வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் தனிக் குற்றம். 2013 சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அதே ஆண்டு டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாள். அதற்குப் பிறகும் சாவுகள் நிற்கவில்லை. ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குகளின்படியே 1993 முதல் சாக்கடை, செப்டிக் டேங்க் சாவுகளில் தமிழ்நாடு முதலிடம், எண்ணிக்கை 200-க்கும் மேல். பெரியார் மண் என்று மேடையில் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த எண் நினைவுக்கு வருகிறது. தண்டனை பெற்றவர்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் யாருக்கும் உறைக்கவில்லை? அதற்கும் முன்னால் வேறொரு சட்டம் நம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கெட்ட நடத்தை உள்ளவர்கள் மறுபிறவியில் நாயாகவோ பன்றியாகவோ சண்டாளராகவோ பிறப்பார்கள் என்று சாந்தோக்ய உபநிடதம் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. ஒரு மனிதரை நாய்க்கும் பன்றிக்கும் பக்கத்தில் நிறுத்தும் வரிசை அது. இதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டால், உலகத்தின் மிக விசித்திரமான நீதிமன்றம் இதுதான். குற்றவாளிக்குத் தான் என்ன குற்றம் செய்தோம் என்பதே நினைவில்லை. குற்றப்பத்திரிகை இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடு இல்லை. பகத்சிங் 1930-இல் சிறையில் இருந்து எழுதிய 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரையில் இதைத்தான் கேட்டார். தண்டனை என்பது திருத்துவதற்கா, அச்சுறுத்துவதற்கா, பழிவாங்குவதற்கா? முற்பிறவிக் கணக்கு இதில் எதற்குப் பொருந்தும்? அந்தக் கட்டுரையைத் தமிழில் கொண்டுவந்தவர் ஜீவா. படிக்காத தோழர்கள் படித்துவிடுங்கள், ஒரு மணி நேரம் ஆகாது.

தமிழ் மட்டும் இதற்கு விதிவிலக்கு என்று பெருமை பேசவும் வழியில்லை. பல்லக்கைச் சுமக்கிறவனையும் அதில் ஏறிப் போகிறவனையும் வைத்து வள்ளுவர் ஒரு குறள் எழுதியிருக்கிறார், அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில். அதற்குப் பரிமேலழகர் கொண்ட பொருள், அறத்தின் பயனை நூலைக் கொண்டு விளக்க வேண்டியதில்லை, சுமப்பவனையும் ஏறியவனையும் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம் என்பது. அதாவது ஏறியவன் புண்ணியம் செய்தவன், சுமப்பவன் செய்யாதவன். அதே குறளை, இந்த இருவரையும் காட்டி இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்று படித்தவர்களும் உண்டு. அதே சொற்கள், நேர் எதிரான இரண்டு அறங்கள். எனக்கு இரண்டாவதுதான் வள்ளுவர் என்று தோன்றுகிறது. ஆனால் நூற்றாண்டுகளாக மடங்களிலும் திண்ணைகளிலும் செல்வாக்கோடு இருந்தது முதல் உரை. என் பெரியம்மா பரிமேலழகரைப் படித்ததில்லை. படிக்காமலே அவர் உரையைத்தான் பந்தலில் சொன்னார்.

தாம்பரத்திலிருந்து கிழக்கே, பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கம் பக்கம் கண்ணகி நகர் இருக்கிறது. கூவம் கரையிலும் நகரின் மற்ற குடிசைப் பகுதிகளிலும் இருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை 2000-இல் இருந்து கொண்டுவந்து போட்ட இடம். 15,000-க்கும் மேற்பட்ட சிறிய வீடுகள். எங்கள் சொந்தக்காரர்கள் சிலரும் அங்கே இருக்கிறார்கள். அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, நல்ல பெயர். நீதி கேட்டு அரண்மனைக்கே போன பெண்ணின் பெயர்.

ஆனால் சிலப்பதிகாரத்தைக் கடைசிவரை படித்தால் வேறொன்று தெரியும். கண்ணகி அரசவைக்குப் போகிறாள், சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள், வழக்கில் வெல்கிறாள். விசாரிக்காமல் கொன்றது அரசனின் குற்றம் என்று அரசனே ஒப்புக்கொண்டு சாகிறான். பொறுப்பு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லாத இடம் அது. அதற்குப் பிறகு மதுராபதித் தெய்வம் வருகிறது. வந்து, கோவலன் முற்பிறவியில் கலிங்க நாட்டில் பரதன் என்ற பெயரில் இருந்தான், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொலை செய்ய வைத்தான், அவன் மனைவி நீலி இட்ட சாபம்தான் இப்போது பலித்தது என்று கதை சொல்கிறது. வென்ற வழக்கைத் தெய்வம் வந்து திருப்பி எழுதுகிறது! பாண்டியன் கையில் இருந்த குற்றம் கோவலன் கணக்குக்கே மாற்றப்பட்டுவிடுகிறது. ஊழ்வினை தேடி வந்து பிடிக்கும் என்பது காப்பியத்தின் நோக்கங்களில் ஒன்று என்று பதிகமே சொல்வதால் இளங்கோவைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணகி நகரில் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் யாராவது ஒரு மதுராபதி வந்து நிற்கிறது. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

அம்பேத்கர் இந்த இடத்தைச் சரியாகத் தொட்டார். அவர் மறைவுக்குப் பிறகு 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் கன்மக் கொள்கைக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார். வினைக்குப் பயன் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை, உலகத்தில் அறவொழுங்கு நிற்பதே மனிதர் செய்யும் வினையால்தான் என்கிறார். முற்பிறவி வினை இந்தப் பிறவியின் நிலையைத் தீர்மானிக்கிறது என்பதைத்தான் ஏற்க மறுக்கிறார். அப்படி ஒரு கொள்கையை ஏன் உருவாக்கியிருப்பார்கள் என்று கேட்டு, ஏழைகள், தாழ்த்தப்பட்டவர்களின் நிலைமைக்கான பொறுப்பிலிருந்து அரசும் சமூகமும் தப்பித்துக்கொள்வதற்கே என்று பதிலும் சொல்கிறார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் ஏற்ற, மக்களை ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் ஒன்று, சிரார்த்தம் செய்யமாட்டேன், பிண்டம் வைக்கமாட்டேன் என்பது. சாவுக்குப் பிந்தைய கணக்கு வழக்கைப் பார்ப்பனிடம் கொடுக்க மறுப்பதை அவர் ஒரு சடங்கு விவகாரமாக மட்டும் நினைக்கவில்லை.

காந்தியையும் சொல்ல வேண்டும். மறுபடி பிறக்க விருப்பமில்லை, பிறந்துதான் ஆக வேண்டுமென்றால் தீண்டத்தகாதவராகப் பிறக்க வேண்டும், அவர்களுடைய துயரத்தில் பங்கெடுக்க வேண்டும் என்று 1921-இல் பேசினார். நல்ல மனதோடுதான் பேசினார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அடுத்த பிறவியைப் பற்றிப் பெருந்தன்மையாக இருப்பது மிக எளிது. 2007-இல், குஜராத் முதலமைச்சராக இருந்த நரேந்திர மோடியின் 'கர்மயோக்' நூல் மலம் அள்ளும் வேலையை அந்தச் சமூகத்தின் ஆன்மிக அனுபவமாகக் காட்டுகிறது என்ற செய்தி வந்து கண்டனம் எழுந்தது. அந்த ஆன்மிகத்தை வேறு எந்தச் சாதியும் ஏன் தேடிப் போகவில்லை என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

இதுவரை எழுதியது எனக்குச் சுலபம். இனி எழுதப்போவது சுலபமில்லை.

பதினாறாம் நாள் முடிந்து அத்தை வீட்டுக்குப் போனேன். அண்ணனின் அம்மா. நான் என் வழக்கப்படி, விதி என்று ஒன்றும் இல்லை அத்தை, மறுபிறவி, சொர்க்கம், நரகம் எல்லாம் நம்மை ஏமாற்றச் சொன்னது என்றேன். சின்ன வயதில் பெரியார் திடலில் வாங்கிய புத்தகங்களில் இருந்து வந்த பேச்சு. அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி தம்பி, மேல எதுவும் இல்லன்னே வச்சிக்கோ. அப்போ எம்புள்ளைக்கு எப்போதான் நியாயம் கிடைக்கும்? அவன்தான் செத்துட்டானே" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை.

இது புதிய கேள்வி இல்லை. இம்மானுவேல் காந்த் 1788-இல் எழுதிய நூலில், அறமும் இன்பமும் இந்த உலகில் ஒன்றுசேர்வதில்லை என்பதாலேயே ஆன்மாவின் அழியாமையை நாம் ஏற்க வேண்டியிருக்கிறது என்று வாதிட்டார். எங்கள் ஊரிலேயே, 1938 டிசம்பரில், தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. கிறித்துவத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கடவுளின் வெளிப்பாடு உண்டா என்பது அங்கே பெரிய விவாதம். இறையியல் படித்தவர்களுக்கு இன்றும் தாம்பரம் என்றால் ரயில் நிலையம் நினைவுக்கு வராது, அந்த மாநாடுதான் வரும். இவ்வளவு பேர் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியை அத்தை நேராக என் முன்னால் வைத்தார். மறுமை இல்லை என்று சொல்வதற்கு ஒரு விலை இருக்கிறது. செத்தவருக்கு இனி எந்த ஈடும் கிடையாது என்பதை அவரைப் பெற்றவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நம் மேடைப் பேச்சாளர்கள் இந்த விலையைக் கொடுக்காமலே கைதட்டு வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இருந்தாலும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மறுமைக்குத் திரும்பிப் போகவும் என்னால் முடியவில்லை. காரணம், சாவுக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆன்மாவைப் பற்றிய விவாதத்தை விடுங்கள். பிணத்துக்குச் சாதி உண்டு என்பது நீதிமன்ற ஆவணம். 2016 ஜனவரியில், அன்றைய நாகை மாவட்டத்துத் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதை வழியாக எடுத்துச் செல்லலாம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டும் விடவில்லை. கடைசியில் காவல்துறையே உடலைக் கைப்பற்றிக் கொண்டுபோய் அடக்கம் செய்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழியை மறித்ததால் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஒரு தலித்தின் உடலை இறக்கினார்கள். அந்தக் காணொலியைப் பார்த்து உயர் நீதிமன்றம் தானாக வழக்கு எடுத்தது. பள்ளியும் மருத்துவமனையும் பொதுவாக இருக்கும்போது சுடுகாடு மட்டும் ஏன் தனி என்று நீதிபதிகள் கேட்டார்கள். சாதி வேறுபாடு இல்லாத மயானம் வைத்திருக்கும் சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று தமிழ்நாடு அரசு ஒரு திட்டமே வைத்திருக்கிறது. சாவுக்குப் பிறகும் மனிதராக நடத்துவதற்குப் பரிசு கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கிறோம்.

மறுபிறவியும் இருக்கிறது. நானே பார்த்திருக்கிறேன். துப்புரவுப் பணியாளர் பணியில் இருக்கும்போது இறந்தால் வாரிசுக்கு வேலை. எந்த வேலை? பெரும்பாலும் அதே துடைப்பம், அதே வண்டி, அதே வார்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கும் அதேதான். அப்பா இறந்த வருகைப்பதிவேட்டில் மகன் பிறக்கிறான். இதற்கு உபநிடதம் வேண்டாம், ஒரு பணி நியமன ஆணை போதும்.

இதைத்தான் 2025 ஆகஸ்டில் பேசிக்கொண்டிருந்தோம். சென்னையில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அப்போது, பணி நிரந்தரம் என்பது இவர்களையும் இவர்கள் பிள்ளைகளையும் இதே தொழிலில் கட்டிப்போட்டுவிடும் என்ற பொருளில் திருமாவளவன் பேசியது விவாதமானது. அவருடைய கவலை எனக்குப் புரிகிறது, என் அண்ணன் வீட்டுக் கதையே அதுதான். ஆனால் நான் அதில் உடன்படவில்லை. மாதச் சம்பளமும் விடுப்பும் ஓய்வூதியமும் இருந்த வீடுகளில் இருந்துதான் பிள்ளைகள் வெளியே வந்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன மூன்று பேருமே அந்தக் காலத்து நிரந்தரப் பணியாளர்களின் பிள்ளைகள். ஒப்பந்தக் கூலிதான் மறுபிறவியை உறுதி செய்கிறது. பிள்ளைக்கு வேறு வேலை என்பதையும் பெற்றவருக்கு நிரந்தரம் என்பதையும் ஒன்றாகக் கேட்க வேண்டும்.

இதைப் படிக்கும் தோழர்களில் சிலர் ராபர்ட் சபோல்ஸ்கியைக் கேட்டிருப்பீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நரம்பியலாளர். 2023-இல் வந்த 'டிடர்மிண்டு' நூலில் சுயவிருப்பம் என்பதே கிடையாது, மரபணுவும் வளர்ப்பும் சூழலும் சேர்ந்துதான் நம்மைச் செய்ய வைக்கின்றன என்கிறார். நம் ஆட்களுக்கு இது பிடிக்கும். 'எல்லாம் அமைப்பு, தோழர்' என்று நாமும் சொல்கிறோமே. அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது அது சரியாகத்தான் இருக்கிறது. மேஸ்திரியைப் பற்றிச் சொல்லும்போது? அவனும் ஏழை. லாரி முதலாளிக்குக் கடன். கட்டடக்காரர் சமூகத்தின் விளைவு. அதிகாரிக்கு மேலதிகாரி. இப்படியே போனால் அமைப்பு என்ற ஆளில்லாத நாற்காலி மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். பெரியம்மாவின் தலையெழுத்தும் நம்முடைய அமைப்பும் பந்தலில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். சபோல்ஸ்கிகூட பிரேக் பிடிக்காத வண்டியைத் தெருவில் ஓட விடச் சொல்லவில்லை. வண்டியின் மீது கோபப்பட வேண்டாம், நிறுத்தி வையுங்கள் என்கிறார். அந்த அளவுக்குக்கூட இங்கே யாரும் போகவில்லை. அண்ணன் இறந்த ஒரு மாதத்தில் அதே லாரி எங்கள் தெரு வழியாகப் போனது.

அமைப்பு இருக்கிறது, அதை ஒவ்வொரு நாளும் இயக்குகிற கைகளும் இருக்கின்றன. மூடியைத் திறக்கச் சொன்னவருக்கு ஒரு தேர்வு இருந்தது. ஜெட் அடிக்கும் இயந்திரத்துக்குக் கூடுதல் பணம் கேட்டபோது வேண்டாம் என்றவருக்கு ஒரு தேர்வு இருந்தது. பணமும் பதவியும் கூடக் கூடத் தேர்வும் கூடும், பொறுப்பும் அப்படியே. இதற்குத் தத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. தலையெழுத்து மாறும் என்பதற்கும் நம் ஊரிலேயே அத்தாட்சி உண்டு. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது, மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது, 2022-இல் வசந்தகுமாரி முதல் மேயரானார். பிரம்மன் எழுதியதை ஓர் அரசாணை திருத்தியது.

அண்ணனைப் போன்றவர்களுக்கு விருப்பமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் அவமதிப்பு. 2019 நவம்பரில் இராயப்பேட்டையில் ஒரு வணிக வளாகத்தின் செப்டிக் டேங்கில் மயங்கிய தன் சகோதரனைக் காப்பாற்ற இறங்கிய 25 வயது இளைஞர் இறந்துபோனார். சகோதரன் பிழைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்பது கண்ணெதிரே தெரிந்த பிறகு இறங்கியவர் அவர். இந்தச் சாவுகளில் மறுபடி மறுபடி இது நடக்கிறது. முதலில் இறங்கியவரைத் தூக்க இரண்டாவது ஆள், அவரைத் தூக்க மூன்றாவது ஆள். கூலிக்காக இறங்கும் முதல் இறக்கத்தைச் சொந்த விருப்பம் என்கிறார்கள். இரண்டாவது இறக்கம்தான் எனக்கு அப்படித் தெரிகிறது. அதைச் செய்தித்தாள் 'பரிதாபம்' என்ற தலைப்பில் போடுகிறது.

உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 தீர்ப்பில், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அதை 30 லட்சமாக்கியது. எந்த நாடும் தன் மக்களைச் சாவதற்கு விஷவாயு அறைக்குள் அனுப்புவதில்லை என்று அதே நீதிமன்றம் 2019-இல் சொல்லவும் செய்தது. அந்த 30 லட்சத்துக்கான மனுவை எழுதத்தான் அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

நான் மடிக்கணினியில் தட்டினேன். "என் கணவர் மேற்படி கட்டடத்தின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியபோது விஷவாயு தாக்கி இறந்துவிட்டார்." காவல் நிலையத்து அறிக்கையிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. பழக்கத்தில் வந்த வாக்கியம். படித்துக் காட்டினேன்.

அத்தை சுவர் ஓரமாகப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். "அவன் எங்கடா எறங்குனான்? அவனுங்கதானே எறக்குனானுங்க" என்றார்.

பள்ளியில் தமிழய்யா தன்வினை, பிறவினை என்று நடத்தியிருக்கிறார். இறங்கினான் என்றால் தன்வினை. இறக்கினான் என்றால் பிறவினை. நடுவில் ஒரே ஒரு எழுத்துத்தான் மாறுகிறது. வினை என்ற சொல்லுக்கு நம் மொழியில் கன்மம் என்றும் பொருள் இருப்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. மதிப்பெண்ணுக்காகப் படித்தது.

அந்த வரியை அழித்துவிட்டு, இறக்கிய இருவர் பெயரையும் இறக்கச் சொன்னவர் பெயரையும் போட்டு மறுபடி எழுதினேன். அண்ணி இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பையனின் பள்ளிச் சான்றிதழ் நகலையும் பின்னால் வைத்தோம், அவன் ஐடிஐ முடித்தவன், மின்சார வாரியத்தில் ஹெல்பர் வேலை கேட்டு ஒரு வரி சேர்க்கச் சொன்னான். சேர்த்தேன். மனுவைக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. ஏற்புச் சீட்டு அத்தையின் தலையணைக்கு அடியில் இருக்கிறது.